நியூசிலாந்தை நோக்கி நின்றவர்கள்

என் வலது காலுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. உட்கார்ந்த இடத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். “தையல் மிஷின் மிதிக்கிறியா பெய்லா? துணி எங்க?” என்று அப்பா கேட்பார். அவர் போன பிறகு கேட்க ஆளில்லாமல் அதற்குத் துணிச்சல் கூடிவிட்டது. காலை ஆறே முக்காலுக்கு எங்கள் யூத ஜெபக்கூடத்து ஜன்னலோரம் நின்று யார் கார் வருகிறது என்று பார்க்கும்போது, அதன் ஆட்டம் உச்சத்தில் இருக்கும்.

பத்துப் பேர் வேண்டும். பத்து ஆண்கள். ஒன்பது பேர் எவ்வளவு பெரிய பக்திமான்களாக இருந்தாலும் சரி, பத்தாவதாக ஓர் ஆள், குதிரைப் பந்தயத் தாளைக் கக்கத்தில் செருகிக்கொண்டாவது உள்ளே வந்து உட்கார வேண்டும். அப்போதுதான் இறந்தவருக்காகக் கடிஷ் என்ற ஜெபத்தைச் சொல்லலாம். அந்தப் பத்துப் பேரும் ஆமென் போடுவார்கள். ஒரு தலை குறைந்தாலும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்பாவுக்கு மகன் இல்லை. நான் ஒருத்திதான். பதினோரு மாதமாகப் பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்று நான்தான் சொல்லிவந்தேன். என்னைப் பத்தில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் பத்தை எண்ணுகிறவள் நான். மனிதர்களை எண் சொல்லி எண்ணுவது எங்களுக்கு ஆகாது என்பதால், ‘ஒன்று இல்லை, இரண்டு இல்லை’ என்று எண்ணுவேன். ‘பத்து இல்லை’ என்று வந்துவிட்டால் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஏன் பதினோரு மாதம்? பொல்லாத ஆத்மா சுத்தமாகப் பன்னிரண்டு மாதம் ஆகும் என்பார்கள். முழுப் பன்னிரண்டும் சொன்னால் ‘எங்கப்பா அயோக்கியர்’ என்று எங்கள் பேட்டையான கால்ஃபீல்டு முழுக்கத் தண்டோரா போட்டதாகிவிடும். அதனால் ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுவோம். அப்பாவின் பதினோராம் மாதம், ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை முடிய இருந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் தலைவர் எமில் ட்ராக்மன் எருசலேமை இடம் மாற்றினார்.

எமிலுக்குக் கம்பள வியாபாரம். எதையும் அளந்து விரித்துப் பழகியவர். எங்கள் ஜெபக்கூடமோ ஒரு காலத்தில் சாரணர் கூடம். மழை வந்தால் இரண்டு வாளி, காற்றடித்தால் ஒரு வாளி. ஐம்பது வருடத்துக்கு முன் அதை வாங்கியபோது, தோரா என்னும் வேதச் சுருள்கள் இருக்கும் பேழையை எந்தச் சுவரில் வைப்பது என்று யாரும் அதிகம் யோசிக்கவில்லை. பேழைக்கு முன்னால் நித்திய விளக்கு எரிய வேண்டும். விளக்குக்குக் கரண்ட் வேண்டும். கூடத்தில் ப்ளக் பாயிண்ட் இருந்தது ஒரே ஒரு சுவரில், சமையலறைச் சுவரில். பேழை அங்கே போய்விட்டது. அன்று அதைச் செய்த எலக்ட்ரீஷியன் நாஃப்துலி இன்றும் தினமும் வருகிறார். தொண்ணூற்றொரு வயது. இரண்டு காதும் கேட்காது.

தலைவரான நாளிலிருந்து எமிலுக்கு அந்தச் சுவர் உறுத்தியது.

“பரிசுத்தப் பேழைக்குப் பின்னால ஹெர்ரிங் மீன் ஊறுது. அதுக்குப் பின்னால கக்கூஸ். நாளைக்கு ஒரு பெரிய மனுஷன் வந்தா என்ன நினைப்பான்?” என்பார்.

பெரிய மனுஷன் யாரும் வந்ததில்லை. ஆனாலும் எமிலுக்கு அவன் வந்துகொண்டே இருந்தான்.

போலந்தில் அவருடைய தாத்தா கிழக்குச் சுவரோரம் உட்கார்ந்தவராம். அந்த ஊர்களில் கிழக்குச் சுவரோரம் இடம் என்பது சும்மா கிடைக்காது. எருசலேமுக்கு அருகில் உட்கார்ந்திருப்பதாகவே அர்த்தம். தாத்தா வீட்டிலிருந்து தப்பி வந்த ஒரே சொத்து ஒரு பலகை. சுற்றிலும் சிங்கமும் மானும், நடுவில் எபிரேயத்தில் தங்க எழுத்து: ‘கிழக்கு’. எந்தப் பக்கம் திரும்பித் தொழ வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதற்காக மாட்டுவது. எமில் அந்தப் பலகையை ஒரு கையிலும் போனிலிருந்த திசைகாட்டியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிவந்தார். கிழக்குச் சுவரைக் கண்டுபிடித்தார். ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

எருசலேமிலிருந்து கல் வந்தது. கப்பலில், வைக்கோல் திணித்த பெட்டியில், நிஜமாகவே எருசலேம் கல்தான் என்ற சான்றிதழோடு. கிழக்குச் சுவர் முழுக்கக் கல் பதித்து, நடுவில் பேழையை நிறுத்தி, உச்சியில் தாத்தாவின் பலகையை மாட்டினார்கள். பெண்களின் திரை இத்தனை நாளும் அந்தக் கிழக்கு மூலையில்தான் இருந்தது. அதைக் கழற்றிக் கொண்டுபோய், பேழை இருந்த சமையலறைச் சுவரோரம் கட்டினார்கள். “டீ எடுக்க உங்களுக்கும் வசதி” என்றார் எமில். நித்திய விளக்குக்கு மட்டும் கிழக்கே ப்ளக் பாயிண்ட் இல்லை. சமையலறைச் சுவரிலிருந்து ஒரு நீள ஒயர், எமில் நன்கொடையாகக் கொடுத்த கம்பளத்துக்கு அடியில் கூடம் முழுக்க ஊர்ந்து போனது. “அடுத்த வாரம் ஆள் வந்து சரிபண்ணிருவான்” என்றார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் வாசலுக்கு எதிரே ஒரு முழச் சதுரம் சுவர் பூசாமல் கிடந்தது. எருசலேம் இடிந்து கிடக்கும்போது நம் வீடு மட்டும் நிறைவாக இருக்கலாமா என்று அப்படி விடுவார்கள். அப்பா போன பிறகு வீட்டை விற்க வந்த ஏஜென்ட் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஈரக் கசிவா?” என்று கேட்டான். “ஆமாம், ரெண்டாயிரம் வருஷமா” என்றேன். குறித்துக்கொண்டான். எமிலின் சுவரிலும் மரபுப்படி ஒரு முழம் கல் பதிக்காமல் விட்டிருந்தார்கள். சரியாக அந்த இடத்தின் மேல்தான் எமிலின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு உட்கார்ந்திருந்தது.

திறப்பு விழாவில் எமில் பேசினார். பிறகு எமிலின் அண்ணன் எமிலைப் பற்றிப் பேசினார். பிறகு நன்றி சொல்ல எமில் மறுபடி பேசினார். “நாம ஒரு நாளைக்கு மூணு தடவை எருசலேமைப் பாத்து நிக்கிறோம். ரொட்டி சாப்பிட்டு முடிச்சா அதைக் கேக்கிறோம். கல்யாணத்துல கண்ணாடிக் கோப்பையை உடைச்சு அதை நினைக்கிறோம். இனிமே அந்தக் கல்லைத் தொட்டே நிக்கப்போறோம்!” கைத்தட்டல். நாஃப்துலி ‘ஆமென்’ என்று உரக்கக் கத்தினார். காது கேட்காதவருக்கு எந்த இடைவெளியும் ஆமென்னுக்கான இடைவெளிதான்.

அப்போது ஃபிஷல் ஓகுன் கையைத் தூக்கினார். ஃபிஷல் நாற்பது வருடம் அரசாங்க நில அளவையாளராக இருந்தவர். வேலி ஒரு விரல் நகர்ந்தாலும் தூங்க மாட்டார்.

“எமில், ஒரு சின்ன சந்தேகம்.”

“கேளு ஃபிஷல். நல்ல நாள் இன்னைக்கு.”

“நாம இப்ப எதைப் பாத்துட்டு நிக்கிறோம்?”

“எருசலேமை.”

“எருசலேம் எந்தப் பக்கம்?”

எமில் பலகையைக் காட்டினார். “எபிரேயம் படிக்கத் தெரியும்ல?”

“தெரியும். ஆனா பலகை போலந்துல எழுதினது. நாம இருக்கிறது மெல்பர்ன்ல. இங்கேருந்து நேர் கிழக்கே போனா கடலு. கடலைத் தாண்டினா நியூசிலாந்து. அங்க ஆடு நிறைய இருக்கு, ஒத்துக்கறேன். ஆலயம் இருந்ததா நான் கேள்விப்படல.”

யாரோ சிரித்தார்கள். எமிலின் காது சிவந்தது.

“உலகம் உருண்டைதானே? நியூசிலாந்தைத் தாண்டி நேரா போய்க்கிட்டே இருந்தா சுத்திக்கிட்டு எருசலேமுக்கு வராதா?”

“அப்படி வர்றதுன்னா எந்தப் பக்கம் பாத்தாலும் வரும் தலைவரே. எதுக்கு இவ்வளவு கல்லு?”

“அப்ப எருசலேம் எங்கதான்யா இருக்கு?”

ஃபிஷல் மெதுவாகத் திரும்பி, கூட்டத்தையும் நாற்காலிகளையும் பெண்களின் திரையையும் தாண்டி, சமையலறைச் சுவரைக் காட்டினார். “ஹெர்ரிங் பக்கம்.”

ஐம்பது வருடம் ப்ளக் பாயிண்ட் தயவில் நாங்கள் எருசலேமை நோக்கித் தொழுதிருக்கிறோம். இப்போது சான்றிதழ் பெற்ற கல்லை வைத்து அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே கால் ஆட ஆரம்பித்தது. வியாழக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. எங்களிடம் தினமும் வருகிற ஆண்கள் பதினொரு பேரோ பன்னிரண்டு பேரோ கிடையாது. மிகச் சரியாகப் பத்து.

திங்கட்கிழமை எல்லோரும் வந்தார்கள். எழுந்து நின்று வாய்க்குள் சொல்லும் ஜெபம் வந்தது. எமிலும் நான்கு பேரும் பேழையைப் பார்த்து நின்றார்கள். ஃபிஷலும் மூன்று பேரும் திரும்பி, திரையைப் பார்த்து, அதாவது என்னைப் பார்த்து நின்றார்கள். நாஃப்துலி எப்போதும்போல உட்கார்ந்திருந்தார். அவருடைய நாற்காலி பழைய இடத்தில் பழையபடியே சமையலறைச் சுவரைப் பார்த்துக் கிடந்தது. பேழை இடம்மாறியதை அவரிடம் யாரும் எழுதிக் காட்டவில்லை. டீ வரும் பக்கம் அதுதான் என்பதால் அவரும் கேட்கவில்லை. இரண்டு கட்சியும் அவரைத் தங்கள் ஆளாகக் கணக்கில் வைத்திருந்தன.

அதோடு நிற்கவில்லை. ஃபிஷலின் கட்சியிலேயே பல் டாக்டர் ஆல்ஃபி, சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தை நம்புகிறவர்.

“படத்துல ஸ்கேல் வெச்சுப் பாத்தேன் ஃபிஷல். எருசலேம் வடமேற்குல இருக்கு. நீ கக்கூஸைப் பாத்து நிக்கிற.”

“தட்டைப் படத்துல கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு இருக்கும். அதையும் நம்புவியா? உருண்டைமேல நூலைக் கட்டிப் பாரு. மேற்கு, அதிலேருந்து கொஞ்சமா வடக்க.”

“கொஞ்சம்னா எவ்வளவு?”

“பதினேழு டிகிரி. உனக்கு ஒரு பல்லு தள்ளிப் பிடுங்கினா பரவாயில்ல. எனக்கு அப்படி இல்ல.”

சனிக்கிழமைகளில் மட்டும் வரும் இளம் மதகுருவை, எங்கள் ரபியை, எமில் போனில் பிடித்தார். ரபிக்கு வேலை புதிது. ஒப்பந்தம் எமிலின் மேஜைமேல் இருந்தது. ஆழ்ந்து யோசித்துவிட்டு, “உடம்பு பேழையைப் பாக்கட்டும், முகம் எருசலேமைப் பாக்கட்டும். அப்படி ஒரு வழி சட்டத்துல இருக்கு” என்றார். இருக்கிறதுதான். பேழை கொஞ்சம் விலகியிருந்தால் செய்யலாம். நேர் எதிரே இருந்தால் ஆந்தையால்தான் முடியும். எமில் கட்சிக்காரர் ஒருவர் சமாதானத்துக்காக முயன்று பார்த்து, அன்று மத்தியானமே என் மருந்துக்கடைக்குச் சுளுக்குத் தைலம் வாங்க வந்தார்.

செவ்வாய்க்கிழமை கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. ‘பரிசுத்தப் பேழைக்கு முதுகு காட்டுகிறவர்கள் இந்தக் கூடத்தின் பத்தில் சேர்த்தி இல்லை. தலைவர் உத்தரவு.’ கீழே எமிலின் முழுப் பெயர், பட்டம், கம்பளக் கடையின் முத்திரை.

ஃபிஷல் அதை இரண்டு தடவை படித்தார். ஜெபச் சால்வையை மடித்தார்.

“நாங்க நாலு பேரும் என் கராஜ்ல பாத்துக்கறோம்.”

“நாலு பேர வெச்சுட்டு என்ன பண்ணுவ? சீட்டு விளையாடுவியா?” என்றார் எமில்.

“ஆறு பேர வெச்சுட்டு நீ என்ன பண்ணுவியோ அதை.”

நான் திரைக்கு வெளியே வந்துவிட்டேன். “ஃபிஷல், வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க. அப்பாவோட கடைசி நாள். அதுக்கப்புறம் ஆளாளுக்கு ஒரு திசை எடுத்துக்கங்க, நான் கேக்கல.”

ஃபிஷல் என்னைப் பார்க்காமல் சால்வைப் பையின் ஜிப்பை இழுத்தார். “பெய்லா, உங்கப்பா ஃபைவல் எனக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி. ஆனா இது அளவு விஷயம்மா.”

எமிலிடம் திரும்பினேன். “தலைவரே, அந்தக் காகிதத்தைக் கிழிங்க.”

“கிழிச்சா கல்லு என்ன ஆகும்?” என்றார். உச்சியிலிருந்த பலகையைப் பார்த்தார். அந்தச் சுவரில் அவருடைய தாத்தா இருந்தார். எனக்கு அது புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

நான்கு கார்களும் கிளம்பிப் போயின. அன்று காலை கடிஷ் சொல்லப் பத்துப் பேர் இல்லை. அன்று மாலையும் இல்லை.

புதன்கிழமை ட்ராம் ஏறிப் பெரிய ஜெபக்கூடத்துக்குப் போனேன். அங்கே பளிங்குத் தூண்கள். ஆண்கள் பத்து என்ன, அறுபது பேர் இருந்தார்கள். மாடியில் பெண்கள் பகுதியில் எழுந்து வாயைத் திறந்ததும் கீழேயிருந்து ஒருவர் படியேறி வந்தார். ரொம்ப மரியாதையான மனிதர். “எங்க வழக்கத்துல பெண்கள் சத்தமா சொல்றதில்ல மேடம். அப்பா பேரை எழுதிக் குடுங்க, எங்க வாட்ச்மேன் அழகா சொல்வான். நல்ல குரல் அவனுக்கு.” அப்பாவின் பெயரை வாட்ச்மேன் சொல்லிக் கேட்கவா அறுபது வருடம் அவருக்கு மகளாக இருந்தேன்? ட்ராமில் திரும்பி வரும்போது என் கால் ஆடியதில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

எங்கள் கூடத்தில் மட்டும் ஏன் என்னை விட்டார்கள் என்று கேட்கலாம். பரந்த மனசெல்லாம் இல்லை. பத்துப் பேருக்கும் ரத்த அழுத்த மாத்திரை கொடுப்பவள் நான். காலையில் ஆளுக்கொரு போன் போட்டு எழுப்புபவள் நான். முதல் நாள் நான் எழுந்து நின்றபோது எமில் தொண்டையைக் கனைத்தார், பிறகு டீயை யார் போடுவது என்று யோசித்திருக்க வேண்டும், உட்கார்ந்துவிட்டார்.

புதன் சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும் போனை எடுத்தேன். பதினோரு மாத அனுபவத்தில் ஒன்று தெரிந்து வைத்திருந்தேன். எங்கள் ஆண்களை ஜெபத்துக்குக் கூப்பிட்டால் முதுகு வலிக்கும், பேரனுக்குக் காய்ச்சல் வரும், கார் கிளம்பாது. அன்று நான் ஜெபத்துக்குக் கூப்பிடவில்லை.

“ஃபிஷல், உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன். நாளைக்குக் காலையில எமில் எல்லார் முன்னாடியும் உங்க பதினேழு டிகிரி தப்புன்னு நிரூபிக்கப் போறாராம்.”

“எதை வெச்சு?”

“அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? நான் கணக்குல சேராதவ.”

“எத்தனை மணிக்கு?”

“ஏழு.”

அடுத்தது எமில். “தலைவரே, ஃபிஷல் நாளைக்கு ஒரு உலக உருண்டையோட வர்றாராம். உங்க சுவருக்கு எதிர்ல வெச்சு நூல் கட்டிக் காட்டப் போறாராம்.”

“என் கூடத்துலயா? வரட்டும்! வரட்டும்னு சொல்லு!”

“நான் எதுக்குச் சொல்லணும்? வரத்தானே போறார்.”

இதில் பொய் என்று பெரிதாக எதுவும் இல்லை. இரண்டு பேரும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எடுத்துப் போனேன். பல் டாக்டரிடம், “உங்க வரைபடத்தை ரெண்டு பேருமே கிண்டல் பண்றாங்க” என்றேன். அது முழு உண்மை. பிறகு, வருடத்துக்கு மூன்று நாள் மட்டும் கூடத்தில் தலைகாட்டும் பத்துப் பதினைந்து பேருக்குப் போன் செய்து, “நாளைக்கு வந்துடாதீங்க, பெரிய ரகளை ஆகப்போகுது, உங்களுக்கு எதுக்கு?” என்றேன்.

வியாழன் காலை ஆறு நாற்பதுக்கே தெருவில் கார் நிறுத்த இடமில்லை. ஒன்று இல்லை, இரண்டு இல்லை என்று எண்ணிக்கொண்டே போனேன். ‘இருபத்து மூன்று இல்லை’யில் நின்றது. பெரிய பண்டிகைக்குக்கூட அப்படி வந்ததில்லை. ஃபிஷல் கக்கத்தில் உலக உருண்டை. ஆல்ஃபி கையில் சுருட்டிய வரைபடம். எமில் சாம்பல் நிறக் கோட்டும் டையும். காலை ஜெபத்துக்கான தோல்வாரைக் கையில் சுற்றிக்கொண்டே எல்லோரும் ஒருவரையொருவர் அளந்தார்கள்.

ஆரம்ப ஜெபங்கள் ரயில் வேகத்தில் போயின. யாருக்கும் அதில் மனமில்லை. எழுந்து நிற்கும் ஜெபத்துக்காகக் காத்திருந்தார்கள். அது வந்ததும் பாதிப் பேர் இந்தப் பக்கமும் பாதிப் பேர் அந்தப் பக்கமும் திரும்பினார்கள். ஆல்ஃபி நடுவாந்திரமாக ஒரு மூலைக்குத் திரும்பினார். புதிதாக வந்தவர்கள் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் சுற்றினார்கள்.

“பேழையைப் பாருங்கய்யா!” என்றார் எமில்.

“எருசலேமைப் பாருங்கய்யா!” என்றார் ஃபிஷல். உருண்டையை முன்வரிசை நாற்காலிமேல் வைத்தார். “எல்லாரும் வாங்க. இது மெல்பர்ன். இது எருசலேம். இது கருப்பு நூல். எமில், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வா.”

“என் தாத்தா கிழக்கப் பாத்துத்தான் தொழுதார்!”

“உன் தாத்தா போலந்துல இருந்தார்! அவர் சரியா நின்னார். நீ அவர் பலகையைக் கொண்டுவந்தே, ஊரைக் கொண்டுவரலையே!”

“ரெண்டு பேரும் தப்பு,” என்று ஆல்ஃபி வரைபடத்தைப் பேழைமேலேயே விரிக்கப் போனார். நான்கு பேர் அவர் கையைப் பிடித்தார்கள். பின்வரிசையில் ஒருவர், “நான் ஹாங்காங் வழியாத்தான் எருசலேம் போனேன், அப்ப வடக்குதானே?” என்று ஆரம்பித்தார். நான்காவது கட்சி பிறந்தது.

ஏழு ஐம்பது. புதிதாக வந்தவர்களில் இரண்டு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் தோல்வாரை அவிழ்க்க ஆரம்பித்தார். ஃபிஷலின் ஆள் கார் சாவியை எடுத்தார். சண்டை இன்னும் ஐந்து நிமிஷத்தில் தீராது, ஆனால் கூட்டம் கலைந்துவிடும். இருபத்து மூன்று பேர் இருந்தும் அப்பாவின் கடைசி நாள் கடிஷ் இல்லாமல் போகப் போகிறது. திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். கை ஜெபப் புத்தகத்தில், கால் தன் வேலையில். கம்பளத்தின் ஓரத்தில் ஒயர் துருத்திக்கொண்டிருந்தது. கால் அதில் மாட்டியது. இழுத்தது. ப்ளக் பிடுங்கிக்கொண்டு வந்தது.

வேண்டுமென்றே செய்தேனா என்று பின்னால் எமில் கேட்டார். சும்மா இருக்கத் தெரியாத கால் என்று சொன்னேனே.

கிழக்கே, எருசலேம் கல்லுக்கு நடுவில், நித்திய விளக்கு அணைந்தது.

கூடம் அமைதியானது. கையில் நூலோடு ஃபிஷல், டையோடு எமில், எல்லோரும் அந்தக் கருத்துப்போன கண்ணாடியையே பார்த்தார்கள். எங்கள் ஆட்களுக்கு விளக்கு அணைந்தால் முதலில் பயம் வரும். யார் பொறுப்பு என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் எனக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்தது.

வேதத்திலிருந்து ஒரு சங்கீதப் பாடலைச் சொன்னால் அதன்பின் கடிஷ் சொல்லலாம். அப்பா சொல்லும் சின்னச் சங்கீதம் ஒன்று உண்டு, அதைச் சொன்னேன். மூச்சு விடாமல் கடிஷைத் தொடங்கினேன். என் குரல் எனக்கே கரகரவென்று கேட்டது.

யாரும் திரும்பவில்லை. முதல் வரி முடிந்தது. ஆமென் வர வேண்டிய இடம். வரவில்லை.

நாஃப்துலி மட்டும் சமையலறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், டீக்காக. அவருக்கு விளக்கு அணைந்தது தெரியாது, சண்டையும் தெரியாது. திரையின் இடைவெளியில் என் வாய் அசைவது தெரிந்தது. பதினோரு மாதமாகப் பார்த்த அசைவு. அப்பாவோடு முப்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பந்தயக் குதிரைகளைப் பற்றிச் சண்டை போட்ட மனிதர், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“ஆமென்!” என்று கத்தினார். வாழ்க்கையில் ஒரே தடவை சரியான இடத்தில்.

அந்தச் சத்தத்துக்கு இருபத்திரண்டு தலைகளும் திரும்பின. அவர் யாரைப் பார்க்கிறார் என்று பார்த்தன. என்னைப் பார்த்தன. பிறகு உடம்புகள் திரும்பின. கடிஷ் காதில் விழுந்தால் எங்கள் ஆட்களுக்கு யோசிக்கத் தேவையில்லை, வாய் தானாகப் பதில் சொல்லும். அந்த நீளமான பதில் வரி எமிலிடமிருந்து வந்தது, ஃபிஷலிடமிருந்து வந்தது, கடைசிவரை தோல்வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தவரிடமிருந்தும் வந்தது. அப்படி ஒரு சத்தம் அந்தத் தகரக் கூரை கேட்டதில்லை. ஆல்ஃபிகூட மூலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

நான் சொல்லச் சொல்ல என் கால் ஆடவில்லை என்பதைக் கவனித்தேன். கவனித்ததும் வரி தடுமாறியது. பிடித்துக்கொண்டேன். இனி இதைச் சொல்ல மாட்டேன் என்பது கடைசி வரியில்தான் உறைத்தது. வழக்கப்படி மூன்று அடி பின்னால் வைத்தேன். இடம், வலம், நேர் என்று தலை குனிந்தேன். மூன்றாவது அடியில் முதுகு சமையலறைச் சுவரில் முட்டியது.

“ஆமென்,” என்றார்கள் எல்லோரும்.

நாஃப்துலி உட்கார்ந்தார். “டீ?” என்றார்.

நான் குனிந்து ப்ளக்கைச் சொருகினேன். கிழக்கே விளக்கு எரிந்தது. எமில் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மிச்ச ஜெபத்தை ஆளாளுக்கு ஒரு பக்கம் பார்த்துச் சொல்லி முடித்தார்கள். யாரும் யாரையும் திருத்தவில்லை, நேரமாகிவிட்டது.

டீ ஊற்றும்போது ஃபிஷல் பக்கத்தில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து, நான் நின்ற இடத்தைப் பார்த்து, ஊசி நிற்கும்வரை பொறுத்தார்.

“எல்லாரும் உன்னைப் பாத்து நின்னோம்ல. அது எருசலேமுக்கு ஒம்பது டிகிரி தள்ளிம்மா.”

“விடுங்க ஃபிஷல். நான்தான் எண்ணிக்கையிலேயே வர மாட்டேனே.”

அவர் சிரிக்கவில்லை. திசைகாட்டியை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். “ஃபைவல் நல்லவன்,” என்றார். “பதினோரு மாசம்கூட அதிகம்.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. எனக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. ஆறு மணிக்கே விழித்துவிட்டேன். சமையலறையில் டீயோடு உட்கார்ந்து, என் வாழ்க்கையில் பாக்கி இருக்கும் காலைகளை என்ன செய்வது என்று பார்த்தேன். மேஜைக்கு அடியில் கால் ஆட ஆரம்பித்தது.

ஏழு பத்துக்குப் போன் அடித்தது. எமில்.

“பெய்லா, எட்டுப் பேர்தான் இருக்கோம். ஃபிஷல் வரல, ஆல்ஃபி வரல. இன்னைக்கு எங்க அம்மாவோட வருஷ நாள், நானும் அண்ணனும் கடிஷ் சொல்லணும், நீ தினமும் எப்படித்தான் இவங்கள வரவெச்ச?”

“போன் பண்ணிப் பாத்தீங்களா?”

“பண்ணினேன். ஃபிஷல் முதுகு வலிங்கிறான்.”

“தலைவரே, அவர்கிட்ட நேத்து சாயங்காலம் நூலை நீங்களே கட்டிப் பாத்தீங்கன்னும், பதினாறு டிகிரிதான் வருதுன்னும் சொல்லுங்க.”



“பதினேழுதான் வந்துச்சு,” என்றார் எமில், மிக மெதுவாக.

நான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். டீயை யாராவது போட வேண்டுமே.